வெர்பியே மலையில் இளம் பியானோக் கலைஞர்களோடு சில கோடைகள்

"பிள்ளை பியானோ படிக்கிறது, எந்தக் கச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம்?" என்று சுவிஸில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. பெயர் பெற்ற பெரியவர்களின் கச்சேரிகளுக்கு அப்புறம் போகலாம் என்பேன். முதலில் ஒரு கோடையில் வெர்பியே இசைவிழாவுக்குப் போங்கள். இருபது, இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவர் காலையில் ஆசிரியர் முன்னால் பாடம் கேட்பதையும், அதே ஆள் சில நாள் கழித்து மேடையில் தனியாக வாசிப்பதையும் பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். என் மகளுக்குப் பியானோவின் மேல் உண்மையான பிடிப்பு வந்தது அப்படித்தான். அதனால் இதை ஒரு கடமை போலவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வெர்பியே, வலே மாநிலத்தில் ஏறத்தாழ 1500 மீற்றர் உயரத்தில் இருக்கும் பனிச்சறுக்கு ஊர். குளிர்காலத்தில் சறுக்க வருபவர்களால் நிறைந்திருக்கும். கோடையில் இசைக்காரர்களின் ஊராகிவிடும். 1994இல் சுவீடனைச் சேர்ந்த மார்ட்டின் எங்ஸ்ட்ரோம் இந்த இசைவிழாவைத் தொடங்கினார். ஜூலை நடுவில் ஆரம்பித்து ஆகஸ்ட் தொடக்கம் வரை நடக்கும். பெரிய பெயர்களுக்கு இங்கே குறைவே இல்லை. 2003இல் பத்தாவது ஆண்டுவிழாவில் எட்டுப் பெரிய பியானோக்களை ஒரே மேடையில் வைத்து எட்டுப் பேர் வாசித்தார்கள். மார்த்தா ஆர்கெரிச், எவ்கேனி கிசின், மிகைல் பிளெட்னெவ் ஆகியோருக்கு நடுவில் அன்று 21 வயதான லாங் லாங்கும் உட்கார்ந்திருந்தார். மூத்தவர்களோடு இளையவர்களையும் சேர்த்து உட்கார வைக்கும் இந்த வழக்கம்தான் இந்த விழாவில் எனக்குப் பிடித்த விஷயம். விழாவோடு சேர்ந்து ஓர் அகாடமியும் நடக்கிறது. தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள் அந்த நாட்களில் அங்கேயே தங்கி, புகழ்பெற்ற கலைஞர்களிடம் பாடம் கேட்கிறார்கள், கச்சேரியும் செய்கிறார்கள். பாடங்களைப் பொதுமக்களும் போய்ப் பார்க்கலாம்.

போகும் வழி கடினமில்லை. நாங்கள் பேர்னிலிருந்து விஸ்ப் வழியாக மார்டினிக்கு ரயிலில் போவோம். அங்கே சின்ன மலைரயிலில் மாறி ஏறினால் லு ஷாப்ல் வரும். அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே கம்பிவடப் பெட்டி ஏறி மேலே போகலாம், இல்லாவிட்டால் தபால் பேருந்தும் இருக்கிறது. மேலே தங்கினால் செலவு கையைக் கடிக்கும். லு ஷாப்லிலோ மார்டினியிலோ தங்கினால் பரவாயில்லை. ஆனால் இரவுக் கச்சேரி முடியும் நேரத்தில் கீழே இறங்க என்ன இருக்கிறது என்பதை அன்று காலையிலேயே பார்த்து வையுங்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போனால் நல்லது. நாங்கள் புளிச்சாதம் கொண்டுபோய் மலையைப் பார்த்தபடி சாப்பிடுவோம். ஜூலை மாதம்தானே என்று மெல்லிய சட்டையோடு போகாதீர்கள். பொழுது சாய்ந்ததும் குளிர் இறங்கிவிடும்.

இனி மாஸ்டர்கிளாஸ். பியானோ படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல காட்சி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. மேடையில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பியானோக்கள். ஒன்றில் மாணவர், மற்றதில் ஆசிரியர். மாணவர் முதலில் முழுவதையும் நிறுத்தாமல் வாசிப்பார். கேட்டால் நமக்கு ஒரு குறையும் தெரியாது. எனக்கெல்லாம் கை தட்டிவிட்டு எழுந்து போய்விடலாம் போல இருக்கும். அதற்குப் பிறகுதான் ஆசிரியர் பேச ஆரம்பிப்பார். எல்லோர் முன்னாலும் பாடம் நடத்தும் இந்த முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் ஜெர்மனியின் வைமார் நகரில் பியானோ மேதை லிஸ்ட் தன் மாணவர்களைக் கூட்டி வைத்துச் சொல்லிக்கொடுத்த காலத்திலிருந்து வேரூன்றியது.

ஒரு கோடையில் நாங்கள் பார்த்த இளைஞர் பேத்தோவனின் சொனாட்டா ஒன்றை, அதாவது பல பகுதிகள் கொண்ட தனிப் பியானோ உருப்படி ஒன்றை, எடுத்துவந்திருந்தார். அவருடைய படைப்பு வரிசையில் அதன் எண் 110. 1821இல் எழுதப்பட்டது. அதன் கடைசிப் பகுதியில் ஓர் அழுகை போன்ற பாட்டு வரும், பிறகு ஒரே மெட்டைப் பல குரல்கள் மாறி மாறித் துரத்தும் ஒரு ஃபியூக், மறுபடியும் அந்தப் பாட்டு, இந்த முறை மூச்சு வாங்கி வாங்கித் தளர்ந்துபோனதாக. அது முடியும் இடத்தில் ஒரே கார்ட், அதாவது ஒன்றாக அழுத்தும் சில சுரங்கள், பத்துத் தடவை திரும்பத் திரும்ப வரும். மெல்லத் தொடங்கி ஒவ்வொன்றாக ஓங்கிக்கொண்டே போகும். அதற்குப் பிறகு அதே ஃபியூக் தலைகீழாகத் திரும்பி வரும். ஆசிரியர் பாட நேரத்தில் பெரும்பகுதியை அந்தப் பத்துக் கார்ட்களிலேயே செலவழித்தார். "முதலாவதை இன்னும் குறைவாகத் தொடங்கு, பத்தாவதற்கு இடம் வேண்டும்" என்றார். மாணவர் வாசித்தார். "இப்போது நான்காவதும் ஐந்தாவதும் ஒரே அளவு" என்றார். மறுபடியும் வாசித்தார். "அடிக்காதே, கட்டையை முழுக்க மேலே வரவிடாமல் பாதியிலிருந்தே திரும்ப அழுத்து" என்று தன் பியானோவில் செய்து காட்டினார். சத்தம் ஓங்கியது, ஆனால் இடி இல்லை. அலை எழுவது போல வந்தது.

"அம்மா, ஏன் அவர் திருப்பித் திருப்பி அதையே கேக்கிறார்?" என்று மகள் காதில் கேட்டாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. தன் ஆசிரியர் ஒரே வரியை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாலே முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வயது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மேடையில் இருந்தவர், உலகின் பல மேடைகளில் வாசித்துவிட்டு வந்த இளைஞர், முகம் சுளிக்காமல் அந்தக் கார்ட்களை மறுபடி மறுபடி வாசித்துக்கொண்டிருப்பதை அவளே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வீட்டில் நூறு தடவை சொன்னாலும் ஏறாத விஷயம் அன்று ஏறியது.

கட்டையைப் பாதியிலிருந்து திரும்ப அழுத்தலாம் என்றேனே, அதற்குப் பின்னால் ஒரு பொறியியல் கதை உண்டு. பழைய பியானோக்களில் கட்டை முழுவதும் மேலே வந்தால்தான் கம்பியை அடிக்கும் சுத்தியல் மறுபடி அடிக்கத் தயாராகும். செபாஸ்தியான் எரார் கண்டுபிடித்த பொறியமைப்பில் பாதி வழியிலேயே சுத்தியல் தயாராகிவிடும். அவருடைய நிறுவனம் அதற்குக் காப்புரிமை பெற்றதும் 1821இல்தான், பேத்தோவன் இந்தச் சொனாட்டாவை எழுதிய அதே ஆண்டு. இன்றைய பெரிய பியானோக்கள் எல்லாம் அந்த வழியில் வந்தவை. மகளுக்கு இதைச் சொன்னபோது, பியானோவைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும் என்று நின்றாள். அவளுடைய இசைப்பள்ளியில் சுருதி சேர்ப்பவர் வரும் நாளில் கேட்டுப் பார்த்தோம். அவர் சந்தோஷமாகவே காட்டினார். நீங்களும் கேட்டுப் பாருங்கள். தான் அழுத்தும் கட்டைக்கு அப்பால் என்ன நடக்கிறது என்று தெரிந்த பிள்ளை வேறு விதமாக அழுத்தும்.

மாஸ்டர்கிளாஸுக்குப் போகும்போது செய்ய வேண்டியவை சில இருக்கின்றன. என்ன வாசிக்கப்போகிறார்கள் என்று முன்பே தெரிந்தால் அந்த இசைத்தாளை அச்செடுத்துக் கொண்டுபோங்கள். பேத்தோவன், ஷோபான் போன்ற பழையவர்களின் இசைத்தாள்கள் இணையத்தில் சட்டப்படியே இலவசமாகக் கிடைக்கின்றன. பென்சில் ஒன்று கையில் இருக்கட்டும், பேனா வேண்டாம். ஒரு மாணவர் முடிந்து அடுத்தவர் வரும் இடைவெளியில் மட்டும் உள்ளே போங்கள், வெளியே வாருங்கள். கைபேசியில் பதிவு செய்யாதீர்கள். அங்கே இருக்கும் இளைஞர் தன் குறைகளை எல்லோர் முன்னாலும் திறந்து வைத்திருக்கிறார். அந்த நேரத்தை வெளியே கொண்டுபோகும் உரிமை நமக்கு இல்லை. தாளைத் திருப்பும்போது வரும் சரசரப்புக்கூட மேடைக்குக் கேட்கும், அதனால் பக்கங்களைத் தனித்தனித் தாளாக வைத்திருப்பது நல்லது.

அந்த இளைஞரின் கச்சேரி சில நாள் கழித்து ஊர்த் தேவாலயத்தில் நடந்தது. பெரிய இசைக்குழுக்கள் வாசிக்கும் பெரிய அரங்கு வேறு. தேவாலயம் சின்னது. தனி வாசிப்புக்கு அதுதான் என் விருப்பம். இருக்கை விஷயத்தில் ஒரு குறிப்பு. கைகளைப் பார்க்க வேண்டுமென்றால் மேடையைப் பார்த்தபடி இடப்பக்கம் உட்கார வேண்டும். எல்லோரும் அதையே கேட்பதால் அந்த இடங்கள் முதலில் போய்விடும். பியானோவின் மூடி வாசிப்பவரின் வலப்பக்கம், அதாவது கேட்பவர்களை நோக்கித் திறந்திருப்பதால் வலப்பக்க இருக்கைகளிலும் ஒலி நிறைவாக வந்து சேரும். மகள் சின்னவளாக இருந்தபோது இடப்பக்கம் உட்காருவோம். இப்போது அவளே வலப்பக்கம் போதும் என்கிறாள்.

பியானோக்காரர்களின் பெரிய சங்கடம், தங்கள் வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வர முடியாதது. வயலின்காரர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். கச்சேரி மேடைக்கான பெரிய ஸ்டைன்வே 274 சென்டிமீற்றர் நீளம், அரை டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை. எந்த மண்டபத்தில் என்ன நிற்கிறதோ அதில்தான் வாசிக்க வேண்டும். ஒன்றில் கட்டைகள் கனமாக இருக்கும், ஒன்றில் மேல்சுரங்கள் கூர்மையாகக் குத்தும். அதுவும் மலையில் காலையில் வெயில், மாலையில் மழை என்றால் மரப்பலகை ஈரத்தை வாங்கி விரியும், சுருதி நகரும். அதனால்தான் சுருதி சேர்ப்பவர் கச்சேரிக்கு முன்னாலும், சில நேரம் இடைவேளையிலும் வந்து உட்காருகிறார். மண்டபமும் மாறிக்கொண்டே இருக்கும். ஒத்திகையின்போது காலியாக இருக்கும் தேவாலயத்தில் ஒலி நெடுநேரம் சுற்றும். ஆட்கள் வந்து நிறைந்ததும் அவர்களின் உடலும் உடையும் ஒலியை உறிஞ்சிவிடும். ஒலியை நீட்டக் காலால் அழுத்தும் பெடலின், மதியம் சரியாக இருந்த அளவு இரவுக்குச் சரிவராது. இளையவர் ஒருவர் இதை மேடையில் முதல் ஓரிரு நிமிடங்களுக்குள் காதால் பிடித்துக் காலால் திருத்திக்கொள்கிறாரா என்று நான் கவனிப்பேன். விரல் வேகத்தைவிட இதுதான் என்னை அதிகம் ஈர்க்கிறது.

அன்று அந்த இளைஞர் 110ஐ வாசித்தபோது, ஃபியூக்கின் நடுவில் ஓர் இடத்தில் நினைவு நழுவியது. மூன்று குரல்கள் ஒன்றையொன்று துரத்தும் இடம். ஒரு குரல் தொலைந்தால் மற்றவையும் சரியும். இசைத்தாளோடு பழகியிருந்ததால் எங்களுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருந்த பலருக்குத் தெரிந்திருக்காது. அவர் நிற்கவில்லை. இடது கையில் இரண்டு சுரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த முறை கருப்பொருள் நுழையும் இடத்துக்குத் தாவினார். தாளம் கொஞ்சமும் தளரவில்லை. பிறகு அந்தப் பத்துக் கார்ட்கள் வந்தன. மாஸ்டர்கிளாஸில் கேட்டதைவிட மெல்லத் தொடங்கினார். பத்தாவது வரும்போது என் கையை மகள் இறுக்கிப் பிடித்திருந்தாள். பாடத்தைப் பார்க்காமல் கச்சேரிக்கு மட்டும் வந்திருந்தால் அந்த இடம் எங்களைத் தொட்டிருக்கும், ஆனால் அதற்குப் பின்னால் இருந்த உழைப்பு தெரிந்திருக்காது.

கச்சேரி முடிந்ததும் இளையவர்களிடம் போய்ப் பேசுவது எளிது. வாசலில் நண்பர்களோடு நிற்பார்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்று கேட்பதைத் தவிருங்கள். எல்லோரும் அதையே கேட்கிறார்கள், பதிலால் பிள்ளைக்கு ஒரு பயனும் இல்லை. மகள் அவரிடம், ஃபியூக்கில் எப்படித் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டாள். அவருக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. ஒவ்வொரு பகுதியிலும் சில இடங்களைக் குறித்துவைத்து, அங்கிருந்து முன்பின் இல்லாமல் நேரே தொடங்கப் பழகுவதாகச் சொன்னார். கடைசி இடத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கியும் வருவாராம். எங்கே வழுக்கினாலும் ஏறிக்கொள்ள ஒரு படி பக்கத்தில் இருக்குமாம்.

வீட்டில் அதை உடனே எடுத்துக்கொண்டோம். மகள் ஒவ்வொரு உருப்படியிலும் எண்கள் போட்டுவைத்திருக்கிறாள். நான் சமையலறையிலிருந்து "ஐந்து" என்பேன், அவள் ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்குவாள். "இரண்டு" என்றால் இரண்டு. இசை தெரியாத பெற்றோரும் செய்யக்கூடிய உதவி இது. இசைப்பள்ளியின் ஆண்டு நிகழ்ச்சியில் நடுவில் தடுமாறினால் முதலிலிருந்து தொடங்கும் பழக்கம் அவளை விட்டுப் போய்விட்டது.

அடுத்தது, வேறு பியானோக்களில் வாசிக்கப் பழக்குவது. நம்மில் பலருக்கு அடுக்குமாடி வீடு. மதியம் ஒரு மணி நேரமும் இரவு பத்துக்குப் பிறகும் சத்தம் கூடாது. அதனால் மின்னணுப் பியானோவும் காதில் ஹெட்ஃபோனும்தான் வழி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு நாளும் கட்டை ஒரே கனம், ஒலி ஒரே ஒலி. மேடையில் உண்மையான பியானோவைத் தொடும்போது பிள்ளை தடுமாறிப்போகும். இசைப்பள்ளியில் காலி அறை கிடைக்குமா என்று கேளுங்கள். பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் பழைய பியானோ ஒன்று இருந்தால் அனுமதி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் தருகிறார்கள். பழைய பியானோ என்று ஒதுக்க வேண்டாம். முரட்டுப் பியானோவில் மெல்ல வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு நல்ல பியானோ ஒரு பரிசு.

போட்டிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் முதல் கேள்வியே "எந்தப் பரிசு வாங்கினவர்?" என்பதுதான். போட்டிகள் வாசல் திறக்கின்றன, மறுக்கவில்லை. ரஷ்யாவில் நடக்கும் புகழ்பெற்ற சைக்கோவ்ஸ்கி போட்டியில் 2019இல் அலெக்சாந்த்ர் கான்டரோவ் முதல் பரிசு பெற்றபோது அவருக்கு 22 வயது. அதே போட்டியில் இரண்டாம் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் ஒருவர் ஜப்பானைச் சேர்ந்த மாவோ ஃபுஜிடா. ஆனால் ஃபுஜிடா 2021இல் வெர்பியேயில் என்ன செய்தார் என்று பாருங்கள். மோட்சார்ட்டின் பியானோ சொனாட்டாக்கள் அத்தனையையும் வரிசையாகச் சில கச்சேரிகளில் வாசித்தார். வயது 22. போட்டியில் இப்படி ஒன்றை நினைத்துப் பார்க்க முடியுமா? மோட்சார்ட்டில் சுரங்கள் குறைவு, ஒளிந்துகொள்ள இடம் இல்லை. நடுவர்கள் இல்லாத மேடையில்தான் இளையவர் தனக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்று காட்ட முடிகிறது. அதனால் இசைவிழாவில் ஓர் இளம் கலைஞரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பரிசுப் பட்டியலுக்கு முன்னால் அவர் போட்டிருக்கும் நிரலைப் படியுங்கள். எல்லாமே வேகமும் ஆர்ப்பாட்டமுமாக இருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். நடுவில் ஒரு மெதுவான, நீண்ட உருப்படியைத் துணிந்து வைத்திருப்பவர் என்றால் கட்டாயம் போவேன். சென்னை மார்கழியில் மதியக் கச்சேரி பாடும் இளைஞர் விஸ்தாரமாக ஒரு ராகத்தை எடுத்துக்கொண்டால் வரும் அதே ஆர்வம்தான்.

கேட்பதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறோம். ஒரு கச்சேரிக்கு ஒரே ஒரு விஷயம். இன்று இடது கையை மட்டும் கேள். நாளைக்குப் பெடல் எங்கே எடுக்கப்படுகிறது என்று கேள். அடுத்த நாள் சத்தம் இல்லாத இடங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்கச் சொன்னால் பிள்ளைக்குத் தூக்கம்தான் வரும். அதேபோல ஒரு நாளைக்கு ஒரு மாஸ்டர்கிளாஸ், ஒரு கச்சேரி, அவ்வளவு போதும். மிச்ச நேரம் மலையில் நடக்கட்டும், ஐஸ்கிரீம் சாப்பிடட்டும். பணம் கொடுத்து வந்தோமே என்று காலை முதல் இரவு வரை மண்டபம் மண்டபமாக இழுத்துப்போன பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பாவம்.

கை தட்டுவது பற்றிப் பலருக்குத் தயக்கம். சொனாட்டாவின் பகுதிகளுக்கு நடுவில் தட்டுவதில்லை. முடிவு எங்கே என்று தெரியாவிட்டால் வாசிப்பவரின் கைகளைப் பாருங்கள். கட்டைகளை விட்டுக் கீழே இறங்கி, தோள் தளர்ந்த பிறகு தட்டினால் போதும். லிஸ்டின் பி மைனர் சொனாட்டா அரை மணி நேரம் கொந்தளித்துவிட்டு, கடைசியில் அடித்தளத்தில் ஒற்றைச் சுரம் மெல்லத் தட்டி முடியும். அதற்குப் பின்வரும் அமைதியும் வாசிப்பின் பகுதிதான். அந்த இடத்தில் முதல் ஆளாகத் தட்ட அவசரப்பட வேண்டாம்.

எந்த வயதில் கூட்டிப்போகலாம் என்பதையும் கேட்கிறார்கள். மாஸ்டர்கிளாஸ் ஒன்பது, பத்து வயதிலிருந்து சரிவரும். அதிலும் பிள்ளை வாசித்துப் பார்த்த உருப்படியோ அதை எழுதியவரின் வேறொன்றோ இருந்தால் நல்லது. அதைவிடச் சின்னவர்களென்றால் காலைக் கச்சேரி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கதவுக்குப் பக்கத்து இருக்கை எடுங்கள். இடைவேளையோடு கிளம்ப வேண்டி வந்தாலும் பரவாயில்லை. போவதற்கு முந்தின வாரம் அந்த உருப்படியை வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஓடவிடுங்கள். தனக்குத் தெரிந்த மெட்டு மேடையிலிருந்து வரும்போது பிள்ளை தானாகவே நிமிர்ந்து உட்காரும்.